மெஹர் அக்காவின் ஐந்து மாத ஓய்வு

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தாம்பரத்தில் ஒரு வங்கியில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்த என் கணவர் இறந்த பிறகு எனக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. அதை வாங்குகிறவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பரில் நேரில் வந்து, உயிரோடு இருக்கிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் ஷமீமிடமிருந்து போன் வந்தது.

"ஆன்ட்டி, அம்மா மவுத்தாயிட்டாங்க," என்றாள். குரல் நிதானமாகத்தான் இருந்தது. "காலைல நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குன்னாங்க. ஆட்டோ வர்றதுக்குள்ள போயிட்டாங்க. சாயந்தரம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கிறோம். வந்துருங்க."

எனக்கு முன்னால் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். நான் வரிசையை விட்டு நகரவில்லை. விட்டால் இன்னொரு நாள் வந்து மறுபடியும் நிற்க வேண்டும் என்று தோன்றியது. முறை வந்ததும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் பம்மலுக்குப் பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. இதையும் சேர்த்தே எழுதுகிறேன். மெஹருன்னிசா அக்காவைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதி, என்னைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டால் அது முழு உண்மையாக இருக்காது.

அவரைத் தெரிந்தவர்கள் பம்மலிலும் அனகாபுத்தூரிலும் தாம்பரத்திலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் ஒரு ஊர்க்காரருக்குத் தெரிந்த மெஹர் அக்காவை இன்னொரு ஊர்க்காரருக்குத் தெரியாது. ஒருவருக்கு அவர் தோல் கம்பெனித் தொழிலாளி, இன்னொருவருக்குத் தபால் சேமிப்பு ஏஜென்ட், வேறொருவருக்கு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்திருக்கும் அம்மா, கடைசியாக அறுபது பெண்களுக்கு ஹாஸ்டல் வார்டன். நான்கு இடத்திலும் அவரைப் பார்த்தவள் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

முதலில் பார்த்தது பம்மலில், ஷூவின் மேல்பாகம் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு யூனிட்டில். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவர் என்னைவிட ஐந்து வயது பெரியவர். கணவர் மஞ்சள் காமாலையில் இறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மூன்று வயது ஷமீமைத் தன் தங்கை வீட்டில் விட்டுவிட்டு வருவார். தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் மெஷின் அவருடையது. பக்கத்து மேசையில் நான் பசை தடவுவேன். பசை நாற்றத்தில் எனக்கு முதல் வாரம் சோறு இறங்கவில்லை. "மூக்கால மூச்சு விடாத, வாயால விடு. பத்து நாள்ல மூக்கு செத்துரும்," என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். சொன்னபடியே ஆயிற்று.

அந்த யூனிட்டில் கன்னியம்மா என்று ஒரு வயதான அம்மா நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். கண் மங்கிவிட்டது. தோலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெட்டுவார். நாங்கள் யாராவது திருப்பிக் கொடுப்போம். ஒரு நாள் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். சாயங்காலம் ஒரு பொட்டலம் மிக்சரும் ஒரு வாழைப்பழமும் கொடுத்து, "நாளைலேருந்து வர வேணாம்மா, ரெஸ்ட் எடு," என்று அனுப்பிவிட்டார்கள். கன்னியம்மாவுக்குப் புரியவில்லை. மறுநாளும் வந்து கேட்டில் நின்றார். வாட்ச்மேன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மெஹர் அக்கா டப்பாவைத் திறக்கவே இல்லை. "வசந்தா, நான் அம்பத்தெட்டுல நிறுத்திருவேன்," என்றார். "யாரும் என்னை அனுப்பக் கூடாது. நானா போவணும்."

அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வயதில் யாரும் பேசாத பேச்சு அது. நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் தபால் ஆபீசில் ஒரு கணக்குத் தொடங்கினார். ஷமீமுக்கு ரம்ஜான் துணி எடுக்காத வருஷம் உண்டு. அந்தக் கணக்கில் கட்டாத மாதம் இல்லை.

பதினைந்து வருஷத்துக்கு மேல் அப்படி ஓடிற்று. பிறகு வெளிநாட்டு ஆர்டர் குறைந்து, ஒரு திங்கட்கிழமை நாங்கள் போனபோது கேட்டில் பூட்டு தொங்கியது. எங்களுக்கு வர வேண்டிய வருங்கால வைப்பு நிதிக்காக அந்த ஆபீசுக்கு அலைய வேண்டியிருந்தது. நான் இரண்டு தடவை போய்விட்டு விட்டுவிட்டேன். அவர் என் காகிதங்களையும் வாங்கிக்கொண்டு போனார். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் ஒவ்வொரு முறையும், "அடுத்த வாரம் வாங்கம்மா," என்பாராம். அக்கா சரியாக ஏழாவது நாள் சோற்று டப்பாவோடு போய் நின்று, "சார், நீங்க சொன்ன அடுத்த வாரம் வந்துருச்சு," என்பார். சண்டை போடமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார், மறுபடியும் ஜன்னலுக்குப் போவார். பல மாதம் கழித்து ஒரு நாள் என் வீட்டுக்கு வந்து, என் பெயருக்கு வந்த செக்கை மேசைமேல் வைத்தார். "தண்ணி குடு வசந்தா, தொண்டை காயுது," என்றார். அவ்வளவுதான்.

அந்த அலைச்சலில்தான் அவருக்கு அடுத்த வேலை கிடைத்தது. காகிதங்களைப் பதிவுத் தபாலில் அனுப்பத் தபால் ஆபீசுக்குப் போய்ப் போய், மாதாமாதம் வீடு வீடாகப் போய் சேமிப்புப் பணம் வாங்கிக் கட்டும் பெண் ஏஜென்டுகளைப் பார்த்தார். விசாரித்தார், தானும் சேர்ந்தார். பம்மல் தெருக்கள், அனகாபுத்தூரில் தறி ஓடும் சந்துகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கறுப்புக் குடை, தோளில் ரெக்சின் பை. கமிஷன் கொஞ்சம்தான். ஆகவே மத்தியானத்துக்கு மேல் தாம்பரத்தில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தார். இரண்டு வேலையாகப் பல வருஷம். கண்ணாடிக் கூண்டுக்குள் யாராவது துபாய்க்கோ மஸ்கட்டுக்கோ பேசும்போது, அக்கா மீட்டரை மட்டும் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். "உள்ள அழுவுறாங்க வசந்தா. பாத்தா, வெளிய வந்து எங்கிட்ட காசு குடுக்க வெக்கப்படுவாங்க," என்றார்.

ஒரு வருஷம் அனகாபுத்தூரில் ஆற்றுத் தண்ணீர் வீடுகளுக்குள் புகுகிற அளவுக்கு மழை வந்தது. அக்காவிடம் பணம் கட்டும் பெண்களில் பலர் தங்கள் பாஸ்புக்கை அவரிடமே கொடுத்து வைத்திருந்தார்கள். வீட்டில் இருந்தால் புருஷன் கண்ணில் படும் என்ற பயம். தண்ணீர் வடிந்தும் வடியாமலும் இருந்த காலையில் நான் பம்மலில் அவர் வீட்டில் இருந்தேன். சேறு அப்பிய புடவையோடு ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, வூடு பூடுச்சு. தறியும் பூடுச்சு. புக்கு கீதா?"

"கீது. பரண் மேல, பிளாஸ்டிக் பையில கீது. மொதல்ல உள்ள வா, டீ குடி."

அவள் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். அன்று அப்படி ஒருத்தி பின் ஒருத்தியாக வந்துகொண்டே இருந்தார்கள். அக்கா ஒவ்வொரு புத்தகத்தையும் எடுத்துக் காட்டிவிட்டு மறுபடியும் உள்ளே வைத்தார். ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் அவர்களில் பாதிப் பேர் கணக்கை முடித்துப் பணத்தை எடுத்துவிட்டார்கள். சுவர் எழுப்ப வேண்டும், தறி வாங்க வேண்டும். பணம் எடுப்பதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் அக்காதான். அவர் கமிஷனும் அத்தோடு பாதியாயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "அதுக்குத்தான சேத்தாங்க," என்பார் யாராவது கேட்டால்.

எல்லாரும் கையில் செல்போன் வைத்துக்கொள்ள ஆரம்பித்ததும் பூத்துக்கு ஆள் வருவது நின்றது. முதலாளி கண்ணாடிக் கூண்டைப் பிரித்துவிட்டு ரீசார்ஜ் கடையாக மாற்றினார். "இருங்கம்மா, கடையப் பாத்துக்குங்க," என்று அவர் சொல்லத்தான் செய்தார். அக்காவுக்கு அந்த மாதம் ஐம்பத்தெட்டு முடிந்திருந்தது. "இல்ல தம்பி, நான் நிறுத்துறேன்," என்றார். ஏஜென்சியையும் தெருவில் ஒரு பெண்ணுக்கு ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டார். முப்பது வருஷம் சிறுகச் சிறுகச் சேர்த்ததை மாத வருமானம் வருகிற மாதிரி தபால் ஆபீசிலேயே போட்டார். பெரிய வருமானம் இல்லை. ஒருத்திக்குப் போதும். ஷமீம் கல்யாணமாகிக் குரோம்பேட்டையில் இருந்தாள். தன்னோடு வந்து இருக்கச் சொன்னாள். அக்கா போகவில்லை.

அந்த ஓய்வு ஐந்து மாதம்தான் இருந்தது. அந்த ஐந்து மாதம் அவர் எப்படி இருந்தார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். பேப்பரை டெண்டர் விளம்பரம் வரைக்கும் படித்தார். காலைத் தொழுகை முடிந்து மறுபடியும் படுத்துத் தூங்கினார். எட்டு மணிக்கு ஒருவர் தூங்குவதை அந்தத் தெரு ஆச்சரியமாகப் பேசியது. ஒரு நாள் என்னைக் கூட்டிக்கொண்டு தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினார். செங்கல்பட்டு வரை போய், இறங்காமல், அதே வண்டியில் திரும்பி வந்தோம். போகும்போதும் வரும்போதும் ஜன்னலோரம் அவர்தான். ஏரி வந்தால் ஏரியைப் பார்த்தார், குவாரி வந்தால் குவாரியைப் பார்த்தார்.

"வேலை இல்லாம போற ரயிலு வேற ரயிலு, வசந்தா," என்றார்.

அவர் முகம் அவ்வளவு இறுக்கம் தளர்ந்து, அவ்வளவு லேசாக இருந்து அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இனி என் பங்கு. அப்போது நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் ஹாஸ்டலுக்கு மேனேஜராக இருந்தேன். இப்போதும் அங்கேதான். விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் இருக்கும் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் இடம். எங்கள் வார்டன் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். வார்டன் இல்லாவிட்டால் ஹாஸ்டலை மூடிவிடுவேன் என்றார் உரிமையாளர். நான் நேராக மெஹர் அக்கா வீட்டுக்குப் போனேன்.

"மூணு மாசம் மட்டும்க்கா. அதுக்குள்ள வேற ஆளு பாத்துருவேன்."

அவர் மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு மாசம்னா மூணு மாசம்தானே?"

"சத்தியமாக்கா."

"வெள்ளிக்கிழமை எனக்கு லீவு வேணும்."

"எடுத்துக்குங்க."

"அப்ப சரி."

மூன்று மாதம் மூன்று வருஷமாயிற்று. ஆள் கிடைக்கவில்லை என்று எல்லாரிடமும் சொல்லிவந்தேன். அது பொய். ஒரே ஒரு முறை விளம்பரம் கொடுத்தேன். வந்த இரண்டு பேரையும் ஏதோ குறை சொல்லி அனுப்பினேன். மெஹர் அக்கா இருந்தால் எனக்கு நிம்மதி. சமையல்காரர் பொய்க் கணக்குக் காட்டமாட்டார். ஷிப்டு முடிந்து பஸ்ஸில் வரும் பெண்களை அக்கா ஒவ்வொருவராக எண்ணித்தான் உள்ளே விடுவார். பெண்களின் அப்பா அம்மா போன் செய்தால் அக்காவிடம் கொடுத்துவிடலாம். என் வேலை பாதி குறைந்தது. இன்னொருவர் வாழ்நாள் முழுவதும் வேலை செய்து வாங்கிய ஓய்வில் நான் உட்கார்ந்திருந்தேன்.

ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். செல்வி என்ற பெண்ணுக்குத் தொழிற்சாலையில் பிரஸ் மெஷினில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. அவளை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டர், ஹாஸ்டல் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தால் சிகிச்சைச் செலவைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். நான் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அக்கா செல்வியைக் கூட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸிலேயே ஏறி அந்தத் தொழிற்சாலை கேட்டுக்குப் போய்விட்டார். உள்ளே விடவில்லை. கேட்டுக்கு எதிரே, நிழலில்லாத இடத்தில், செய்தித்தாளை விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். மத்தியானம் ஒரு அதிகாரி வெளியே வந்து, "என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

"சார், கை இந்தப் பொண்ணோடது. மெஷின் உங்களோடது. பாத்ரூம் மட்டும் எங்களுது. எங்க நசுங்குச்சோ அங்கன்னு எழுதிக் குடுங்க, நாங்க போயிர்றோம்."

எழுதிக் கொடுத்தார்கள். செல்விக்கு விபத்துக்கான பணம் வந்தது, வேலையும் போகவில்லை. அன்று சாயங்காலம் அக்கா ஹாஸ்டல் படியேற முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டு காலும் வீங்கியிருந்தன. வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். அப்போதாவது வேறு வார்டனைத் தேடியிருக்க வேண்டும். தேடவில்லை. இவரைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார் என்று அன்றைக்கு இன்னும் உறுதியாக நினைத்துக்கொண்டேன்.

இந்த ரம்ஜான் முடிந்த மறுவாரம் என்னால் தாங்க முடியவில்லை. ஹாஸ்டல் ஆபீஸ் அறையில் பருப்பு டப்பாக்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணசந்துவிட்டார். எழுந்ததும் சொல்லிவிட்டேன். விளம்பரம் கொடுக்காதது, வந்தவர்களை அனுப்பியது எல்லாம். "உங்க ரெஸ்ட்ட நான் எடுத்துக்கிட்டேன்க்கா," என்றேன்.

"தெரியும்," என்றார்.

"தெரியுமா?"

"ஒருத்தி வாசல்ல எங்கிட்டதான் வழி கேட்டா. நல்ல பொம்பளையாத்தான் இருந்தா." டப்பாவின் மூடியைப் போட்டார். "கூப்பிட்டது நீ. வந்தது நான். ஆளுக்குப் பாதி."

எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காத மாதிரி பட்டியலைப் பார்த்தார். அடுத்த டப்பாவை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "ஆனா மூணு மாசம்னு சொல்லியிருக்கக் கூடாது, வசந்தா. மூணு வருஷம்னே கேட்டிருக்கலாம். நான் யோசிச்சிருப்பேன்."

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. கோபமாகவும் இல்லை. களைத்துப்போயிருந்தார், அவ்வளவுதான். நிறுத்தப் போகிற தேதியை அன்றே சொன்னார். டிசம்பர் முதல் வாரத்திலிருந்து வரமாட்டேன் என்றார். இந்த முறை நான் உண்மையாகவே தேடினேன். மதுராந்தகத்திலிருந்து ஒருவர் கிடைத்தார். அக்காவே அவரை ஒரு நாள் முழுக்கக் கேள்வி கேட்டு, சரி என்றார். நவம்பரின் கடைசி வாரத்துக்கு முன்னாலேயே, அந்த வெள்ளிக்கிழமை லீவு நாளில், தன் வீட்டில், இறந்துவிட்டார்.

நான் பம்மல் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் அவரைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணி சுற்றியிருந்தார்கள். முகம் மட்டும் தெரிந்தது. ஷமீம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "சேத்து வெச்சதுல அம்மா ஒரு தடவகூட கை வெக்கல ஆன்ட்டி. அந்த அஞ்சு மாசம் வட்டிய வாங்குனதோட சரி," என்றாள். என்னைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாள்.

அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். அடக்கம் செய்யும் கபரஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. நாங்கள் வாசலோடு நின்றோம். அப்போது தெருமுனையில் கம்பெனி பஸ் நிற்பதைப் பார்த்தேன். காலை ஷிப்டு முடிந்து வருகிற பெண்கள். தாம்பரத்தில் இறக்கிவிட வேண்டியவர்களை டிரைவர் பம்மல் வரைக்கும் கொண்டுவந்திருந்தார். நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. கோட்டைக்கூடக் கழற்றாமல் இறங்கி, மழைத் தண்ணீர் தேங்கிய தெருவின் ஓரமாக, சுவரை ஒட்டி ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். சந்தூக்கு அவர்களைக் கடந்து போனது. யாரும் சத்தம் போட்டு அழவில்லை. செல்வி கோட்டின் காலரை இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தாள். அது எட்டவில்லை. கர்ச்சீப்பை விரித்துப் போட்டுக்கொண்டாள்.

ஆண்கள் மசூதிப் பக்கம் திரும்பி மறைந்த பிறகும் அவர்கள் அப்படியே நின்றார்கள். என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. டிரைவர் இஞ்சினை அணைத்துவிட்டு, ஹாரன் அடிக்காமல், படிக்கட்டுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்றார். பொழுது சாயத் தொடங்கியது. நான்தான் போய், "வாங்கம்மா, ஏறுங்க," என்றேன்.

அக்கா, நீங்கள் போங்கள். பெண்கள் எல்லாரும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். ஒவ்வொருவராக எண்ணித்தான் ஏற்றினேன். ஒருத்தியும் குறையவில்லை.